மறைவிடத்துப் பூச்சு

சென்ற ஆவணி விடுமுறையில், என்னிடம் முன்னர் இரசாயனம் கற்ற மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பதினைந்து ஆண்டுகளாக இங்கிலாந்தில் வாழ்பவர். அங்கிருந்து வருவோர் பழைய ஆசிரியருக்குச் சொக்கலேற்றுப் பெட்டி கொண்டுவருதல் வழக்கம். இவரும் கொண்டுவந்தார். ஆனால் அதனோடு சிறிய பொலித்தீன் பை ஒன்றையும் மேசைமீது வைத்தார். உள்ளே ஒரு சாண் நீளமான கறுத்த றப்பர் போன்ற துண்டு இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் நீல நிறப் பூச்சு, உரித்த தோல்போல ஒட்டிக்கொண்டிருந்தது.

“சேர், இது ஏன் கழன்றது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்” என்றார்.

அத்துண்டின் கதையே இவ்வாரக் கட்டுரை. மோட்டார்த் தொழிலோடு தொடர்பில்லாத வாசகர்களும் பொறுமையோடு படிக்கவேண்டுகிறேன். காரிலோ வேனிலோ ஏறிப் பயணஞ் செய்யாத குடும்பம் இன்று நம்மிடையே இல்லை. அவ்வண்டியின் முன்கண்ணாடியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்களோ மிகச் சிலர்.

கட்டிக்கொள்ளும் கார்

மாணவருக்கு இளமையிலிருந்தே கைவேலையில் விருப்பம். இங்கிலாந்திலே அவ்விருப்பத்திற்கு இடங்கொடுக்கும் பழக்கம் ஒன்றுண்டு. காரை முழுமையாக வாங்காது, உதிரிப் பாகங்களாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாமே பூட்டிக்கொள்வர். அதனைக் ‘கிட் கார்’ என்பர். 1957இல் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட ‘செவன்’ என்னும் சிறு வண்டி இவ்வகையிற் புகழ்பெற்றது. அக்காலத்தில் முழுமையான காருக்குக் கொள்வனவு வரி இருந்தது. உதிரிகளாக வாங்கியவருக்கு அவ்வரி இல்லை. ஆகவே சிக்கனமும் பொழுதுபோக்கும் கைகோத்தன. 1973இல் அவ்வரிமுறை நீங்கிற்று. அதே ஆண்டில் அவ்வண்டியைச் செய்யும் உரிமை கேட்டரம் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. வரிச்சலுகை மறைந்தும் பொழுதுபோக்கு மறையவில்லை.

இத்தகைய கார்களிற் பலவற்றின் உடல் இரும்பன்று. கண்ணாடியிழையையும் பிசினையும் சேர்த்து அச்சிலே வார்த்தெடுப்பது. நமக்கு இது புதிய பொருளன்று. நம் கடற்கரையிற் கிடக்கும் பைபர் வள்ளங்களும் இதே பொருளாற் செய்தவையே. பெங்களூர்ச் சிபானி நிறுவனம் 1982இல் வெளியிட்ட ‘டொல்பின்’ என்னும் சிறிய காரும் இங்கிலாந்தின் ரிலயன்ற் கார் ஒன்றைத் தழுவிக் கண்ணாடியிழை உடலோடு செய்யப்பட்டதே. நம் நாட்டிலே வேகா நிறுவனம் ஆக்கிய மின்காரின் உடலோ கரிநாரிழையாலானது.

மாணவர் வாங்கியது மூடிய கூரையுடைய இருவர் வண்டி. மூன்று ஆண்டுகள், வார இறுதிகளிற் பாடுபட்டார். எந்திரம் பூட்டியாயிற்று. உடலுக்கு நீல நிறம் அடித்தாயிற்று. நான்காம் நாள், பசையிட்டு முன்கண்ணாடியையும் பொருத்தினார். அந்நாட்டில் இவ்வாறு கட்டிய ஒவ்வொரு வண்டியும் அரசாங்கப் பரிசோதனையிலே தேறினாலன்றித் தெருவில் ஓடமுடியாது. அதற்கு முன்னர் வண்டியின் போக்கை அறிய, கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்றிலே தனியே ஓட்டிப் பார்த்தார். வேகம் ஏறியதும் இடப்பக்க மேல்மூலையில் விசில்போல ஒரு சத்தம் எழுந்தது. நிறுத்தினார். விரலால் தூக்கினார். கண்ணாடி மூலையோடு எழும்பி வந்தது! கறுத்த பசை கண்ணாடியிலே உறுதியாக இருந்தது. நீல நிறம் பசையிலே உறுதியாக இருந்தது. ஆனால் நிறம் வண்டியில் இல்லை.

மறுநாள் மனைவியையும் ஐந்து வயது மகளையும் அதே பாதைக்கு அழைத்துச் சென்று வண்டியைக் காட்டுவதாக ஏற்பாடு. “மகளை முன் ஆசனத்தில் ஏற்றி ஒரு சுற்று ஓட்டுவதாகச் சொல்லியிருந்தேன், சேர்” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

காற்றைத் தடுப்பது மட்டுமா?

முன்கண்ணாடி காற்றையும் மழையையும் தடுப்பதற்கே உள்ளது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் உண்மையாக இருந்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களிலே கண்ணாடி ஒரு றப்பர்ப் பட்டியின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கைதேர்ந்தவர் ஒருவர் ஒரு கயிற்றைக்கொண்டே அதனைப் பூட்டிவிடுவார். 1960களில் அமெரிக்காவிலும், பின்னர் ஐரோப்பாவிலும், கண்ணாடியை உடலோடு பசையால் ஒட்டிவிடும் முறை பரவியது. இன்று ஓடும் கார்களிற் பெரும்பாலானவை அவ்வாறு ஒட்டப்பட்டவை.

ஒட்டிய கண்ணாடி வண்டியின் எலும்புகளில் ஒன்றாகிவிடுகிறது. வண்டி புரண்டால் கூரை நசுங்காதிருக்க அதுவும் தோள்கொடுக்கிறது. மோதும்போது உள்ளிருப்போர் வெளியே வீசப்படாமல் தடுக்கிறது. பல கார்களிலே இடப்பக்க ஆசனத்துக்குரிய காற்றுப் பை, விரியும்போது கண்ணாடியில் மோதி, அதனையே சுவராகக்கொண்டு பயணியின் பக்கம் திரும்புகிறது. கண்ணாடி கழன்று விழுந்தால் அப்பைக்குச் சுவரில்லை, பயணிக்குப் பாதுகாப்பில்லை. இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடைபெறுவன.

கண்ணாடியும் தனிக்கண்ணாடியன்று. இரண்டு மெல்லிய தகடுகளுக்கிடையே ஒரு பிளாத்திக்குப் படலத்தை வைத்து ஒட்டியது. 1903இல் எட்வர்ட் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சுக்காரரின் ஆய்வுகூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்ததாம். உடைந்தும் சிதறவில்லை. உள்ளே காய்ந்திருந்த செலுலோசு நைத்திரேற்றுப் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்தே 1909இல் அவர் உரிமம் பெற்ற சிதறாக் கண்ணாடி பிறந்தது. படலத்தின் பொருள் பின்னர் மாறியது, தத்துவம் மாறவில்லை.

கடற்கரையில் ஒரு பாடம்

மாணவரின் கேள்விக்கு என் அறிவிலே பாதி விடையே இருந்தது. ஒரு பொருளின் துணிக்கைகள் தம்முள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதை ஓரினக் கவர்ச்சி என்றும், வேறொரு பொருளைப் பற்றிக்கொள்வதை வேற்றினக் கவர்ச்சி என்றும் வகுப்பிலே கற்பிக்கிறோம். இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றவரும், விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்வதற்குக் கலைச்சொல் ஆக்கும் பணியில் ஈடுபட்டவருமான சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இச்சொற்களைத் தயங்காது வழங்கலாம். பசை நடுவே கிழிந்திருந்தால் ஓரினக் கவர்ச்சி தோற்றது என்போம். பசை வழுவழுவென உரிந்திருந்தால் வேற்றினக் கவர்ச்சி தோற்றது என்போம். நல்ல ஒட்டு எப்பொழுதும் பசையின் நடுவேதான் கிழியவேண்டும். இங்கே தோல்வி பசைக்கும் நிறத்துக்கும் இடையில் அன்று; நிறத்துக்குக் கீழே எங்கோ நிகழ்ந்திருந்தது. ஏன் என்பதுதான் எனக்குத் தெளிவாகவில்லை.

அன்று மாலை இருவரும் மாளிகைக்காட்டுக் கரைக்கு நடந்தோம். அங்கே பைபர் வள்ளங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையின் வள்ளங்களை விழுங்கியபின் புதிய பைபர் வள்ளங்கள் பல வந்திறங்கின. அவற்றைத் திருத்தித் திருத்தியே அவர் கை தேர்ந்தது.

“காக்கா, இது ஏன் கழன்றிருக்கும்?” என்று துண்டை நீட்டினேன்.

அவர் அதனை வாங்கி, நீல நிறத்தின் பக்கத்தைப் பார்க்கவேயில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, பூச்சின் பின்பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினார்.

“மாஸ்டர், பசையில பிழை இல்ல. பெயின்ற்றிலயும் பிழை இல்ல. இந்தப் பின்பக்கத்தப் பாருங்க, கண்ணாடி மாதிரி மினுங்குது. இது உப்புத்தாள் போடாத இடம். அச்சு மெழுகு அப்படியே இருந்திரிக்கி.”

பிறகு மாணவரைப் பார்த்து, “தம்பி, பெயின்ற் அடிச்சு எத்தன நாள் விட்டீங்க?” என்றார்.

“நாலு நாள், காக்கா.”

“குளிர் நாட்டில நாலு நாளா?” என்று சிரித்துவிட்டு மீண்டும் தம் வேலையில் இறங்கினார்.

மாணவர் சற்றுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் உண்மையைச் சொன்னார். கதவு, முன்மூடி, கூரை ஆகிய இடங்களையெல்லாம் இரண்டு மூன்று தரம் தேய்த்தாராம். கண்ணாடி உட்காரும் விளிம்பை மாத்திரம் ஒரு துணியால் துடைத்துவிட்டு நிறம் அடித்தாராம். “அது கண்ணாடிக்குக் கீழே மறைந்துபோகும் இடந்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்” என்றார்.

வாசகர்களே, செய்தி முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. யாரும் பாராத அவ்விரண்டு விரல் அகல விளிம்பே கண்ணாடியின் முழுப் பாரத்தையும் தாங்குவது. எல்லாரும் பார்க்கும் கதவின் நிறம் உரிந்தால் அழகுதான் கெடும். யாரும் பாராத விளிம்பின் நிறம் உரிந்தால் உயிருக்கே கேடு.

எது எதைப் பற்றுகிறது?

காரணத்தை மாணவர்களின் பொருட்டுச் சற்று விரித்துச் சொல்வேன். வார்க்கும் பொருள் அச்சிலே ஒட்டிக்கொள்ளாதிருக்க, அச்சின்மீது முதலில் மெழுகு பூசுவர். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது போன்றதே இது. வார்ப்பை வெளியே எடுக்கும்போது அம்மெழுகிற் சிறிது அதனோடு வந்துவிடும். பிசினை ஒட்டவிடாத மெழுகு பூச்சை மட்டும் ஒட்டவிடுமா? ஆகவே முதலில் மெழுகைக் கரைப்பானால் துடைத்தல் வேண்டும். அதன்பின்னரே உப்புத்தாளால் மினுக்கம் போகத் தேய்த்தல் வேண்டும். ஒழுங்கு மாறினால், தேய்க்கும் தாளே மெழுகை உள்ளே அழுத்திவிடும். தேய்த்த பரப்பின் நுண்ணிய கீறல்களுக்குள் முதற்பூச்சு இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது காலம். நிறப்பூச்சு கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினும் உள்ளே கரைப்பான் பல நாள் தங்கியிருக்கும். அதன்மீது பசையை இட்டுக் கண்ணாடியால் மூடிவிட்டால், அக்கரைப்பான் வெளியேற வழியின்றிப் பூச்சை மென்மையாகவே வைத்திருக்கும். எனவே கண்ணாடி உட்காரும் விளிம்பில் நிறத்தையும் மினுக்கெண்ணெயையும் தடிப்பாக ஏற்றாமல், நன்கு இறுகிய முதற்பூச்சோடு நிறுத்திக்கொள்வதே அறிந்தோர் முறை.

பசையின் தன்மையும் வியப்புக்குரியது. அது பொலியூரிதேன் இனத்தது. 1937இல் ஜெர்மனியில் ஒற்றோ பேயர் என்பவர் இவ்வினத்துக்கு அடிகோலினார். கண்ணாடி ஒட்டும் பசை காய்வதற்கு வெயில் வேண்டுவதில்லை. காற்றிலுள்ள நீராவி வேண்டும். வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக, நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் வீதம் இறுகிச் செல்லும். கரையோரத்து ஈரக் காற்று அதற்கு உதவியே. ஆனால் நீராவி நண்பன்; நீர்த்துளி பகைவன். விளிம்பிலே பனியோ மழைத்துளியோ இருந்தால் பசை நீரைப் பற்றுமேயன்றிப் பூச்சைப் பற்றாது.

இப்பசைக்கு வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர்களும் ஆகா. கண்ணாடியின் ஓரத்திலே கறுத்த பட்டையும் புள்ளிகளும் இருப்பதைச் சிறுவர்கள் கண்டிருப்பர். அது அழகுக்காக இட்டதன்று. கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட அக்கறுப்பு, கீழேயுள்ள பசைக்குக் குடை பிடிக்கிறது.

நம் ஊருக்கு வேண்டியவை

இது இங்கிலாந்துக் கொட்டகையின் கதைதானே என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2020 மார்ச்சு மாதம் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளும் பழைய வண்டிகளையே திருத்தியும் நிறமடித்தும் ஓட்டினோம். விலையேற்றத்தால் இன்றும் பலர் அவ்வாறே ஓட்டுகிறோம். நம் வண்டிகள் இரும்பாலானவை, மெழுகு இல்லை. ஆனால் மெழுகின் இடத்தில் உப்பும் துருவும் இருக்கின்றன.

எனது பழைய வேனின் கண்ணாடி கல்பட்டு வெடித்தபோது, ஒரு கராஜில் மாற்றினேன். பழைய பசையை அறுத்தபோது கத்தி விளிம்பைக் கீறியது. அக்கீறலுக்குப் பூச்சிடாமலே புதிய பசையை ஏற்றிவிட்டனர். ஒரு மணி நேரத்தில் வண்டி கைக்கு வந்தது. நானும் விரைவைப் பாராட்டி வந்தேன். இரண்டு மாரி கழிந்தபின் மழைநீர் உள்ளே ஒழுகத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது அக்கீறலிலிருந்து துரு முழங்கை நீளத்துக்குப் படர்ந்து, பூச்சை அடியோடு கிளப்பியிருந்தது. அந்த இரண்டாண்டுகளும் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அவ்வேனிலேதான் பிள்ளைகளை ஏற்றிச் சென்றேன். அவசரப்பட்டவர் கராஜ்காரர் மட்டுமல்லர், நானுமே.

ஆகவே முன்கண்ணாடி மாற்றுவோர் சிலவற்றை நின்று பார்க்கவேண்டும், கேட்கவும் வேண்டும்.

புதிய கண்ணாடியின் மூலையில் தர அடையாளம் உண்டா என்று முதலிற் பாருங்கள். பல நாடுகள் ஏற்ற விதிப்படி, வட்டத்துக்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் நாட்டெண்ணும், அருகே 43ஆர் என்னும் குறியும் பொறித்திருக்கும். பழைய பசை உறுதியாகப் பற்றியிருக்குமாயின், அதனை அடியோடு சுரண்டுதல் திறமையன்று. ஓரிரு மில்லிமீற்றர் விட்டு மட்டமாக அறுத்து, அதன்மீது புதியதை இடுவதே சிறந்தது. கத்தி பட்ட கீறல் ஒவ்வொன்றுக்கும் முதற்பூச்சு இடவேண்டும். விளிம்பைக் கையால் தொடவிடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசையும் ஒரு மெழுகே. மினுக்குவதற்குப் பயன்படும் சிலிக்கன் கலந்த பொலிசு அருகிலும் வரலாகாது.

கண்ணாடி பொருத்தியபின், எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை ஓட்டலாம் என்று கேளுங்கள். பசைக்குப் பசை அக்காலம் வேறுபடும்; பசைக் குழாயோடு வரும் குறிப்பில் அது எழுதப்பட்டிருக்கும். அதுவரையில் ஒரு சாளரத்தைச் சிறிது திறந்தே வையுங்கள். எல்லாக் கதவுகளும் மூடிய வண்டியில் ஒரு கதவை அடித்துச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று புதிய கண்ணாடியை வெளியே தள்ளும்.

நிறமடிப்போர் நம் காலநிலையையும் கவனிக்கவேண்டும். ஐப்பசி முதல் தை வரை நம் கரையில் மாரி; காற்றிலே ஈரம் மிகுந்திருக்கும்போது சிலவகைப் பூச்சுக்கள் பால்போல வெளுத்துவிடும். கச்சான் வீசும் காலமோ உலர்ந்தது. எனினும் புழுதியைக் கொண்டுவரும். அப்பருவத்தின் காலைப்பொழுதே வசதியானது. அதற்கு முன்னர் நல்ல நீரால் உப்பைக் கழுவி முற்றாக உலரவிடுதல் வேண்டும். உப்பின்மேல் அடித்த நிறத்துக்கு ஆயுள் குறைவு.

தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இக்காலத்து இருகலவை நிறப்பூச்சுக்களிலே ஐசோசயனேற்று என்னும் பொருள் சேர்ந்திருக்கிறது. அதனை விசிறும்போது எழும் புகார் மூச்சுக்குழலைத் தாக்கி, ஆயுள்முழுவதும் நீங்காத ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. மூக்கிற் கட்டும் கைக்குட்டை அதற்குக் காப்பாகாது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் கொண்டுவரும் முகமூடியே வேண்டும். வீட்டு முற்றத்திலே அதனை விசிறவிடாதீர்கள். பிள்ளைகளை அவ்விடத்துக்கு விடவேண்டாம்.

பின்னர் நடந்தது

மாணவர் திரும்பிச் சென்று கண்ணாடியை முழுவதும் கழற்றினார். விளிம்பின் நிறம் முழுவதையும் நீக்கினார், மெழுகைக் கரைத்துத் துடைத்தார், அதன்பின் தேய்த்தார், முதற்பூச்சிட்டு மூன்று வாரம் விட்டுவைத்தார். பின்னர் நண்பர் ஒருவரின் துணையோடு, கண்ணாடியை உறிஞ்சுபிடிகளால் தூக்கி ஒரே முறையில் இருத்தினார். மாசியில் எழுதிய கடிதத்தில், வண்டி பரிசோதனையிலே தேறிவிட்டதாகவும், மகள் முன் ஆசனத்தில் ஏறியதாகவும் அறிவித்திருந்தார். பரிசோதகர் கண்ணாடியின் அடையாளத்தைப் பார்த்தாராம், விளிம்பைப் பார்க்கவில்லையாம். பார்த்திருக்கவும் முடியாது.

கறுத்த துண்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அது இப்போது எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் இருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவர்கள் அதனை எடுத்துப் பார்ப்பர். நீல நிறம் அழகாக இருப்பதால் எல்லாரும் அந்தப் பக்கத்தையே முதலிற் பார்க்கிறார்கள். அதனாலே போத்தலின்மீது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதில் ‘பின்பக்கத்தைப் பார்க்க’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.